வானத்துப் புறம்போக்கு



இந்நாளில் நம் வீடுகளில் அடிக்கடி நிகழும் ஒரு சிறு காரியத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். புதிதாகத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்கிக் கூடத்தில் நிறுத்துகிறோம். ஸ்மார்ட் டிவி என்று அதனை அழைக்கின்றனர். மின்விசையை அழுத்தியதும் அப்பெட்டி நம்மிடம் முதலில் கேட்பது வைஃபை இணைப்பைத்தான். திரையில் ஒரு பெயர்ப் பட்டியல் விரிகின்றது. நம் வீட்டுப் பெயர் அதில் இருக்கின்றது. அடுத்த வீட்டார் பெயர் இருக்கின்றது. மாடியில் குடியிருப்போர் பெயரும் தெருமுனை மருந்துக்கடையின் பெயரும் இருக்கின்றன. நம்முடையதைத் தேர்ந்து, கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகப் பொறுமையுடன் இடுகிறோம். சில நொடிகளில் 'இணைக்கப்பட்டது' என்று பெட்டி அறிவிக்கின்றது. நாமும் நிகழ்ச்சியைக் காண அமர்ந்துவிடுகிறோம்.

அப்பட்டியலைக் கடந்து செல்லுமுன் சற்று நின்று நோக்குமாறு உங்களை வேண்டுகிறேன். அதில் காணும் ஒவ்வொரு பெயரும் ஒரு வானொலி நிலையத்தின் பெயர். இதனை நான் அணிக்காகச் சொல்லவில்லை. வீட்டு மூலையில் சிறு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் என்னும் பெட்டி, வானலைகளைப் பரப்பும் கருவியே ஆகும். ஏறக்குறைய நொடிக்குப் பத்து முறை அது தன் பெயரை நாற்புறமும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. ஒரு தெருவில் இருபது வீடுகளில் வைஃபை இருப்பின், அத்தெருவில் இருபது நிலையங்கள் இயங்குகின்றன என்பது பொருள். அவற்றுள் ஒன்றுக்கேனும் அதன் சொந்தக்காரர் தனி உரிமம் பெற்றவர் அல்லர். பெறவேண்டும் என்று கேட்பாரும் இல்லை. வானலையைக் கேட்பதற்கே உரிமம் வேண்டியிருந்த நாடு இது. அத்தகைய நாட்டில் இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? அந்த வரலாற்றையே இன்று சொல்லக் கருதுகிறேன்.

கம்பியில்லாமல் செய்தி செல்லும் என்பதை நம் நாட்டில் முதன்முதல் மக்கள் கண்முன் காட்டியவர் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ். 1890-களின் நடுவில் கல்கத்தாவில் அவர் செய்துகாட்டிய சோதனையில், கண்ணுக்குப் புலப்படாத அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தன. அவர் ஆராய்ந்தவை மிகக் குறுகிய அலைகள். பின்னர் மார்க்கோனி முதலியோர் கடல் கடந்து செய்தி அனுப்ப நீண்ட அலைகளையே நாடினர். உலகமும் அவ்வழியே சென்றது. போஸ் காட்டிய குறுகிய அலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே இன்று நம் ரௌட்டரிலிருந்து புறப்பட்டுச் சுவர்களைக் கடந்து தொலைக்காட்சியை அடைகின்றன. மத்திய அலை வானொலியின் ஓர் அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. வைஃபை அலையோ ஒரு சாண் நீளமும் இல்லை.

சென்னையில் வானொலி பிறந்தது அரசாங்கத்தால் அன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ரேடியோ கழகம் தோன்றிற்று. ஆர்வமுடைய சிலர் கூடி, அதே ஆண்டு ஒலிபரப்பத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அக்கழகத்தின் குரல் அடங்கிற்று. அதன் கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930 முதல் ஒலிபரப்பை நடத்திவந்தது. 1938-இல் அகில இந்திய வானொலி சென்னையிலும், அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியிலும் நிலையம் அமைத்தது. ஆர்வலர் கையிலிருந்து நகரத்தார் கைக்கும், அங்கிருந்து அரசாங்கத்தின் கைக்கும் அலை சென்ற வரலாறு இது.

சட்டமும் அவ்வழியே அமைந்தது. தந்தி முறைகள் அனைத்தையும் நடத்தும் தனியுரிமை அரசாங்கத்துக்கே உரியது என்று 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் வகுத்திருந்தது. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமோ இன்னும் ஒரு படி சென்று, உரிமமின்றி வானலைக் கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றது. பேசுவதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் உரிமம் வேண்டும். 1927-இல் அதற்கான ஆண்டுக் கட்டணம் 10 ரூபாய். அக்காலத்தில் அது சிறு தொகை அன்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுப் பரணில் அல்ல, பெட்டகத்தில், நிலப் பத்திரங்களோடு சேர்த்து வானொலி உரிமப் புத்தகம் வைக்கப்பட்டிருந்ததை அறிவேன். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி, வில்லை ஒட்டி வாங்கி வருவார் என் தந்தையார். தொலைக்காட்சி வந்தபோது அதற்கும் அவ்வாறே உரிமம் இருந்தது. 1980-களில்தான் இவ்வுரிமங்கள் நீங்கின.

இவற்றையெல்லாம் அடக்குமுறை என்று மட்டும் கருதுதல் முறையாகாது. ஒரே அதிர்வெண்ணில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். கடலில் தத்தளிக்கும் கப்பலின் அபயக்குரலை, கரையில் பொழுதுபோக்கிற்காகக் கருவி வைத்திருப்பவரின் அரட்டை மறைத்துவிடக்கூடும். 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய பின், அமெரிக்காவும் அவ்வாண்டிலேயே வானலைக்கு உரிமச் சட்டம் இயற்றிற்று. வயலுக்கு வரப்புப் போல அலைக்கற்றைக்கும் எல்லை வேண்டும் என்பதே எல்லா நாட்டாரும் கண்ட முடிவு. கப்பலுக்கு இவ்வளவு, விமானத்துக்கு இவ்வளவு, இராணுவத்துக்கு இவ்வளவு, ஒலிபரப்புக்கு இவ்வளவு என்று வானம் முழுதும் பட்டாப் போட்டுப் பங்கிடப்பட்டது.

எந்த ஊரிலும் பட்டா நிலத்துக்கிடையே புறம்போக்கு என்று சிறிது நிலம் கிடக்கும் அன்றோ? வானத்திலும் அத்தகையதொன்று ஒதுங்கிக் கிடந்தது. ரேடார் கருவிக்கான குழாய்களைச் செய்துவந்த ரேதியான் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்பவர், குறுகிய அலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்று 1940-களில் கண்டார். மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது. இத்தகைய அடுப்புகளும், தொழிற்சாலை, மருத்துவமனைக் கருவிகளும் வெளியிடும் அலைகள் செய்தித் தொடர்பைக் கெடுக்காதிருக்க வேண்டும் என்பதற்காக, 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாடு சில பட்டைகளைத் தனியே ஒதுக்கியது. 2450 மெகாஹெர்ட்ஸைச் சூழ்ந்த பட்டை அவற்றுள் ஒன்று. அடுப்பின் இரைச்சல் நிறைந்த அப்பகுதியில் செய்தி அனுப்ப விரும்புவோர் அரியர். பொறியாளர்கள் அதனைக் குப்பைப் பட்டை என்றே கருதினர். வைஃபை வளர்ந்தது அந்தக் குப்பை மேட்டில்தான்.

ஆயினும் நிலம் இருந்தால் மட்டும் போதாது. பலர் கூடி வாழும் முறையும் வேண்டும். அம்முறை கண்டுபிடிக்கப்பட்ட இடம் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகள். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறி ஒரு தீவில் இருந்தது. அதனைப் பயன்படுத்தவேண்டிய கல்லூரிகள் வேறு தீவுகளிலும் இருந்தன. பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சனும் அவர்தம் துணைவரும் வானலையாலேயே அவற்றை இணைக்க முற்பட்டனர். 1971-ஆம் ஆண்டு அலோகாநெட் என்னும் அவ்வமைப்பு இயங்கத் தொடங்கியது. அலோகா என்பது அத்தீவு மக்கள் ஒருவரையொருவர் வரவேற்கும் சொல்.

பல கருவிகள் ஒரே அலையைப் பகிர்வது எங்ஙனம்? ஒவ்வொன்றுக்கும் தனி அலை தரலாம். ஆனால் பேசாத நேரத்தில் அது வீணாகும். முறைவைத்துப் பேசச் செய்யலாம்; அதற்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். ஆப்ரம்சன் இரண்டையும் விடுத்தார். யாருக்குச் செய்தி இருக்கின்றதோ அவர் அனுப்பலாம். மறுபுறம் செய்தி நலமாகச் சேர்ந்தால் 'கிடைத்தது' என்று விடை வரும். இருவர் செய்திகள் மோதிக் கெட்டால் விடை வராது. வராவிடின், ஒவ்வொருவரும் தம் போக்கில் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பவேண்டும். அந்தக் காத்திருக்கும் நேரம் இருவருக்கும் ஒன்றாக இராது. ஆதலின் மறுமுறை மோதுவது அரிது. இருட்டறையில் கூடியிருக்கும் உறவினர் இருவர் ஒரே கணத்தில் வாய் திறந்து, உடனே இருவரும் நிறுத்தி, 'நீங்கள் சொல்லுங்கள்' என்று விட்டுக்கொடுப்பது போன்ற முறை இது. தலைவர் இல்லாத கூட்டத்தில் மரியாதையே சட்டமாயிற்று.

இம்முறையில் குறையும் இருந்தது. எவரும் எப்போதும் பேசலாம் என்பதால், அலையின் முழுத் திறனில் 18 விழுக்காட்டளவே பயன்படும் என்று கணக்கிட்டனர். அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் இதனை ஆராய்ந்து, 1973-இல் கம்பிவழிக் கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை வகுத்தபோது, பேசுமுன் பிறர் பேசுகின்றனரா என்று செவிகொடுக்கும் வழக்கத்தைச் சேர்த்தார். 'முதலில் கேள், பிறகு பேசு' என்னும் இவ்விதி இன்று ஒவ்வொரு வைஃபை கருவியிலும் இருக்கின்றது. நம் வீட்டு ரௌட்டர் அடுத்த வீட்டு ரௌட்டரின் பேச்சு முடியும்வரை காத்திருக்கின்றது. அடுத்த வீட்டாரோடு நாம் பேசிக்கொள்ளாத நாளிலும் இரு பெட்டிகளும் இம்மரியாதையைத் தவறுவதில்லை.

அலையும் இருந்தது, முறையும் இருந்தது, அனுமதி ஒன்றுதான் இல்லை. அதனைப் பெற்றுத்தந்தவருள் முதன்மையானவர் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் பொறியாளராக இருந்த மைக்கேல் மார்கஸ். செய்தியை ஒரே அதிர்வெண்ணில் வைக்காமல், அகன்ற பட்டை முழுதும் மெல்லியதாகப் பரப்பி அனுப்பும் முறை ஒன்று அந்நாளில் பெரும்பாலும் இராணுவத்தினரிடையே இருந்துவந்தது. அதன் ஒரு கிளைக்கு வேடிக்கையான முன்வரலாறு உண்டு. ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆந்தைல் என்னும் இசையமைப்பாளரும், பகைவர் குலைக்க இயலாதபடி அதிர்வெண்ணை மாற்றி மாற்றி நீர்மூழ்கிக் குண்டைச் செலுத்தும் உத்திக்கு 1942-இல் காப்புரிமை பெற்றனர். தானே இசைக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளைப் பார்த்து அவர்கள் கண்ட யோசனை அது. கடற்படை அதனை அப்போது ஏற்கவில்லை.

அலையைப் பரப்பி அனுப்பினால் ஒருவர் செய்தி மற்றவர்க்குப் பெருந்தடையாக இராது. இரைச்சலுக்கு நடுவிலும் பிழைக்கும். ஆகவே குப்பைப் பட்டைகளில் இம்முறையை உரிமமின்றி எவரும் பயன்படுத்தலாமே என்பது மார்கஸின் வாதம். வானலையைப் பட்டா நிலமாக அனுபவித்துவந்த நிறுவனங்கள் பல இதனை எதிர்த்தன. ஆயினும் 1985-ஆம் ஆண்டு மே மாதம் ஆணையம் இசைவு தந்தது. ஆற்றல் 1 வாட்டுக்கு மிகக்கூடாது. பிறர்க்கு இடையூறு செய்யலாகாது. பிறரால் நேரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பனவே நிபந்தனைகள். ஸ்மார்ட் டிவியை அன்று எவரும் கனவிலும் கருதவில்லை. இன்ன பயனுக்கு என்று திட்டமிட்டுத் திறக்கப்பட்ட கதவன்று அது. என்ன விளையும் என்று அறியாமலே ஊர்ப் பொதுவில் சிறிது நிலத்தைத் திறந்துவிட்டனர். விளைச்சல் பிறகு வந்தது.

முதலில் அந்நிலத்தில் உழவந்தவர்கள் கடைகளில் பணம் எண்ணும் கல்லாப் பொறிகளைச் செய்தவர்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது. என்.சி.ஆர். என்னும் நிறுவனம் பெரிய அங்காடிகளுக்குக் கல்லாப் பொறிகள் விற்றுவந்தது. அங்காடியின் அமைப்பை மாற்றும்தோறும் கம்பிகளைப் பிடுங்கி நடவேண்டியிருந்தது. நெதர்லாந்து நாட்டிலிருந்த அந்நிறுவனத்துப் பொறியாளர்கள் கம்பியில்லா இணைப்பை உருவாக்கினர். ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசவேண்டுமானால் பொதுமொழி வேண்டும். அம்மொழியை வகுக்க, மின்னியல், மின்னணுவியல் பொறியாளரின் உலகக் கழகம் 1990-இல் குழு ஒன்றை அமைத்தது. 802.11 என்பது அக்குழுவின் எண். அந்நிறுவனத்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் என்பார் அதன் தலைவராகப் பத்தாண்டு பணியாற்றினார். போட்டியிடும் நிறுவனங்களை ஒரே மேசையில் அமர்த்தி உடன்பாடு காண ஏழு ஆண்டுகள் ஆயின. 1997-இல் வெளிவந்த முதல் இலக்கணத்தின் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இன்றைய தெளிவான தொலைக்காட்சிப் படம் ஒன்றைத் தொடர்ந்து காண அது போதாது.

வேகத்துக்குத் தடையாக இருந்தது வீடுதான். அலை சுவரிலும் தரையிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பி, ஒரே செய்தி பல வழிகளில் முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றது. ஆயிரங்கால் மண்டபத்தில் ஒருவர் விரைந்து பேசினால், எதிரொலி அடுத்த சொல்லின்மேல் ஏறிக்கொண்டு பேச்சைக் குழப்பிவிடும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் விளங்கும். இக்குறைக்குச் சிறந்த தீர்வு கண்டவருள் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சலிவனும் அவர் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர். ஓ'சலிவன் வானியல் அறிஞர். 1970-களில், சிறு கருந்துளைகள் வெடிக்கும்போது எழக்கூடிய அலைகளைத் தேடியவர். அத்தேடல் வெற்றி பெறவில்லை. ஆனால் மங்கிக் குழம்பிய அலையிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கும் கணிதத்தில் அவர் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. ஒரு செய்தியைப் பல துண்டுகளாக்கி, பல அதிர்வெண்களில் ஒவ்வொன்றையும் நிதானமாக அனுப்பினால், ஒவ்வொரு குரலும் எதிரொலியைத் தாங்கும். எல்லாக் குரல்களும் சேர்ந்த வேகமோ மிகும். இதற்கு அவர்கள் 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். வானத்தில் தேடியது கிடைக்கவில்லை. அதன் பயன் நம் கூடத்தில் கிடைத்தது.

1999-ஆம் ஆண்டு பல நதிகள் கூடிய துறை போன்றது. நொடிக்கு 11 மெகாபிட் வேகமுள்ள புதிய இலக்கணம் அவ்வாண்டில் வந்தது. கருவிகள் ஒன்றோடொன்று பேசுமா என்று சோதித்துச் சான்றளிக்க நிறுவனங்கள் கூடிச் சங்கம் ஒன்று அமைத்தன. 802.11 என்னும் எண்ணைக் கடையில் கேட்டு வாங்க இயலுமா? அதனால் பெயர் சூட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்திடம் சொல்லிப் புதுப்பெயர் வாங்கினர். வைஃபை என்பது அவ்வாறு பிறந்த இடுகுறிப் பெயர். அதற்கு விரிவு தேடுவது வீண். அதே ஆண்டு ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ், கையில் தூக்கிய மடிக்கணினியில் இணையத்தைக் காட்டி, கம்பி ஏதும் இல்லை என்பதை மெய்ப்பிக்க ஒரு வளையத்தை அதன் மீது நுழைத்துக் காட்டினார். அவையோர் ஆரவாரித்தனர். அதன்பின் வைஃபை வீட்டுப்பொருள் ஆயிற்று.

நம் நாட்டில் பழைய சட்டத்தின் பிடி தளர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் குறைந்த ஆற்றலோடு இயங்கும் கருவிகளுக்கு உரிமம் வேண்டா என்றன. பிறருக்கு இடையூறு செய்யாமலும், தமக்குப் பாதுகாப்புக் கோராமலும், எல்லாரோடும் பகிர்ந்தும் பயன்படுத்தவேண்டும் என்பதே அங்கும் நிபந்தனை. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடம் தாராளமாகத் திறக்கப்பட்டது. 1885, 1933 ஆகிய இரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமப் புத்தகத்தைப் பெட்டகத்தில் பூட்டிவைத்த தலைமுறையின் பிள்ளைகள் உரிமமே இல்லாமல் வீட்டுக்கொரு நிலையம் நடத்துகின்றனர்.

ஆனால் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டவனுக்குக் கதவும் பூட்டும் வேண்டும். அலைக்கு நம் வீட்டுச் சுவர் எல்லையன்று. தெருவில் நிற்பவனும் அதனைக் கேட்கலாம். முதல் இலக்கணத்தில் இருந்த பூட்டு வலுவற்றது. 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூன்று அறிஞர்கள் அதன் அடிப்படைக் குறையை வெளியிட்டனர். 2003-இல் தற்காலிகமாகவும், 2004-இல் உறுதியாகவும் புதிய பூட்டுகள் வந்தன. 2018-இல் இன்னும் செம்மையான மூன்றாம் முறை அறிவிக்கப்பட்டது. இன்றும் பல வீடுகளில் உள்ளது 2004-ஆம் ஆண்டின் முறையே. அதில், தொலைக்காட்சியில் நாம் இட்ட கடவுச்சொல் அப்படியே வானில் செல்வதில்லை. தொலைக்காட்சியும் ரௌட்டரும் அக்கணத்தில் தாம் தெரிந்துகொண்ட எண்களைக் கடவுச்சொல்லோடு சேர்த்துத் தனித்தனியே கணக்கிடுகின்றன. நான்கு சிறு செய்திகளில், விடை ஒத்திருக்கின்றதா என்று மட்டும் சரிபார்க்கின்றன. ஒத்தால் கதவு திறக்கும். ரௌட்டர் அப்பெட்டிக்கு ஓர் எண்ணை முகவரியாகக் கொடுக்கும். 'இணைக்கப்பட்டது' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னே இவ்வளவும் நிகழ்கின்றன. கடவுச்சொல் எளிதாக இருந்தால், அச்செய்திகளைப் பிடித்துவைத்தவன் பொறுமையாக ஊகித்துப் பார்த்துக் கண்டுகொள்ளக்கூடும்.

இனி நான் சொல்லவிருப்பது, வானொலியில் பேசும் எனக்கு நெருக்கமான ஒன்று. இந்நிகழ்ச்சியைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்திலிருந்து புறப்படும் அலை ஒன்றே. அலையைப் பெறும் வானொலிப் பெட்டி பெற்றுக்கொள்ளும், திரும்பிப் பேசாது. யார் கேட்கின்றனர், யார் நடுவில் நிறுத்திவிட்டனர் என்பது எங்களுக்குத் தெரியாது. தில்லியில் 1959-இலும் சென்னையில் 1975-இலும் வந்த தொலைக்காட்சியும் அவ்வாறே இருந்தது. வைஃபையில் இணைந்த தொலைக்காட்சியோ கேட்கவும் செய்யும், பேசவும் செய்யும். ஒவ்வொரு வீட்டுக்கும் நிகழ்ச்சி தனித்தனியே அனுப்பப்படுகின்றது. எந்த வீடு எதைக் கேட்டது என்பது மறுபுறத்தில் தெரிந்தே ஆகவேண்டும். அதற்குமேலும் சில பெட்டிகள் செல்வதுண்டு. 2017-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விசியோ என்னும் தொலைக்காட்சி நிறுவனம், 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளில் மக்கள் பார்ப்பவற்றை அவர்கள் இசைவின்றித் திரட்டியது என்ற வழக்கில், 22 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. முன்பு அரசாங்கம் நம் வீட்டுக் கருவியைக் கணக்கில் வைத்திருந்தது. இன்று கருவியே நம்மைக் கணக்கில் வைக்கத் துணிகின்றது.

ஆதலால் இணைப்புப் பெறும்போது சில கடமைகளையும் மேற்கொள்வோமாக. ரௌட்டரை இரும்புப் பீரோவின் பின்னே ஒளிக்காமல் வீட்டின் நடுவே உயரத்தில் வையுங்கள். தொலைக்காட்சி அருகிலேயே இருப்பின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை நன்று. அது வேகமானது, ஆனால் சுவர்களைக் கடக்க வல்லமை குறைந்தது. இடையே சுவர்கள் பல இருப்பின் 2.4 கிகாஹெர்ட்ஸே துணை. மைக்ரோவேவ் அடுப்பு அதற்குப் பழைய பங்காளி என்பதை மறவாதீர்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றி, நீளமான ஒன்றை இடுங்கள். ரௌட்டரில் விருந்தினர்க்கென ஒரு தனி இணைப்பு இருக்குமானால், தொலைக்காட்சியை அதில் வைப்பது பாதுகாப்பு. அமைப்புப் பகுதியில், பார்ப்பவற்றைப் பற்றிய விவரம் அனுப்ப இசைவு கேட்கும் இடத்தைத் தேடிப் படியுங்கள்; விருப்பமில்லையேல் மறுத்துவிடுங்கள்.

விஞ்ஞானிகளின் அறிவால் மட்டும் இவ்வசதி நமக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு பட்டையை எல்லார்க்கும் பொதுவாக விட்ட துணிவும், தலைவரின்றிப் பகிர்ந்துகொள்ளும் முறையும், போட்டியாளர் கூடி வகுத்த பொதுமொழியும் சேர்ந்தே அது வந்தது. பொது நிலம் நெடுநாள் பொதுவாக இருப்பது அதனைப் பயன்படுத்துவோர் கையில் இருக்கின்றது. குளத்தை ஊரார் காப்பது போல இதனையும் காக்கவேண்டும்: அளவோடு எடுத்து, அடுத்தவர்க்கு வழிவிட்டு, நம் படித்துறையைத் தூய்மையாக வைத்து. அடுத்த முறை அப்பெயர்ப் பட்டியல் உங்கள் திரையில் விரியும்போது, அதிலுள்ளோர் அனைவரும் ஒரே நிலத்தில் குடியிருக்கும் அயலார் என்பதை எண்ணிப் பாருங்கள்.